நல்ல தண்ணீர், நல்ல பாம்பு, நல்லெண்ணெய்

வானூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து, வடக்கே திரும்பி மரக்காணம் வரை போகிற தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அதற்குள் "நல்ல" என்ற ஒரு சொல் இரண்டு மூன்று தடவை பொருள் மாறிவிடும். வானூர்ப் பக்கத்து விவசாயி "நேத்து நல்ல மழை" என்றால் ஏரிக்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். அதே மழை பங்குனி மாதத்தில் மரக்காணம் உப்பளத்தில் கொட்டினால், பாத்தியில் படிந்து வந்த உப்பெல்லாம் கரைந்து போய்விடும். அங்கே வேலை செய்பவருக்கு "நல்ல வெயில்" என்பதுதான் நல்ல செய்தி. மற்ற ஊர்க்காரர்கள் குடையைத் தேடுகிற வெயிலை அவர்கள் நல்லது என்கிறார்கள்.

அதே கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு கேட்கிற இன்னொரு கேள்வி, "இது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்பது. இந்த "நல்ல"வுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கலங்கலான குளத்துத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கலாம். கண்ணாடி மாதிரித் தெளிந்த குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருக்கலாம். இங்கே "நல்ல" என்றால் "உப்பு இல்லாத" என்று மட்டும்தான் அர்த்தம். ஆங்கிலத்தில் இதைப் புதிய தண்ணீர் என்கிற மாதிரி சொல்கிறார்கள், இந்தியில் இனிப்புத் தண்ணீர் என்கிறார்கள். தெலுங்கில் "மஞ்சி நீள்ளு", அதாவது நம்மைப் போலவே நல்ல தண்ணீர்.

இப்படி எல்லாவற்றுக்கும் உழைக்கிற ஒரு சொல் ஆங்கிலத்திலும் உண்டு. அதுதான் "நைஸ்". சாப்பாடு நைஸ், சட்டை நைஸ், ஆள் நைஸ், வானிலை நைஸ். ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகம் அவ்வளவு நைஸானதில்லை! லத்தீனில் "நெஸ்கியுஸ்" என்றால் அறியாதவன். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, அதாவது ஏறத்தாழ 1300ஆம் ஆண்டு வாக்கில், "நைஸ்" என்று ஒருவரைச் சொன்னால் முட்டாள் என்று திட்டுவதாக அர்த்தம். பிறகு அது "எதிலும் குறை கண்டுபிடிக்கிறவர்" என்றும், "நுணுக்கமான" என்றும், "துல்லியமான" என்றும் ஒவ்வொரு படியாக ஏறி, 18ஆம் நூற்றாண்டில்தான் "இனிமையான" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817 கடைசியில் வெளிவந்த "நார்த்தாங்கர் அபே" நாவலில், இந்தச் சொல்லை எதற்கெடுத்தாலும் பயன்படுத்துகிற கதாநாயகியைக் கதாநாயகன் கிண்டல் செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. இருநூறு வருடம் கழித்தும் அந்தக் கிண்டல் பழசாகவில்லை.

சுவாரசியம் என்னவென்றால், தமிழர்கள் "நைஸை" வாங்கிக்கொண்டபோது அதன் பழைய பொருளையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். "மாவை நைஸா அரைக்கணும்" என்று சொல்கிற அம்மாவுக்கு அந்த மாவு இனிமையானதாக இருக்க வேண்டும் என்று எண்ணமில்லை, நுணுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். (நைய அரைப்பது என்ற நம் சொந்தச் சொல்லும் அதற்குத் தோள் கொடுத்திருக்கலாம்.) "நைஸா நழுவிட்டான்", "நைஸ் பண்றான்" என்பதெல்லாம் எந்த இங்கிலாந்துக்காரருக்கும் புரியாது.

சரி, நம் "நல்ல"வுக்கு வருவோம்.

முதலில் இலக்கணம். பெயர், வினை, இடை, உரி என்று சொற்களை நான்காகப் பிரித்த தமிழ் இலக்கணத்தில், ஆங்கிலத்தில் இருப்பது போல பெயரடை என்று தனி வகுப்பு கிடையாது. "நல்ல" என்பதைக் குறிப்புப் பெயரெச்சம் என்பார்கள். அதன் அடியான "நல்" வேறொரு சொல்லோடு ஒட்டும்போது உருவமே மாறிவிடும். நல் + நீர் நன்னீர் ஆகிறது, நல் + திணை நற்றிணை ஆகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணத்தின் பெயரே நல் + நூல், நன்னூல்தான்! புணர்ச்சி விதிக்கு உதாரணம் தேட அட்டையைத் தாண்டவே வேண்டாம்.

இப்போது நல்லெண்ணெய். எள்ளிலிருந்து எடுப்பது நல்லெண்ணெய் என்றால், கடலையிலிருந்து எடுப்பது கெட்ட எண்ணெயா? எண்ணெய் என்ற சொல்லையே பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். எள் + நெய் = எண்ணெய். அதாவது தொடக்கத்தில் எண்ணெய் என்றாலே எள்ளின் நெய் மட்டும்தான். பிறகு தேங்காயிலிருந்து எடுத்ததும் எண்ணெய், ஆமணக்கிலிருந்து எடுத்ததும் எண்ணெய் என்று ஆகி, 19ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்க வந்த திரவத்துக்குக்கூட மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரித்துப் படித்தால் மண் எள் நெய்! தன் பெயரை ஊருக்கெல்லாம் தானம் செய்துவிட்ட பழைய எண்ணெய்க்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. "அசல்" என்ற பொருளில் "நல்ல" வந்து ஒட்டிக்கொண்டது என்று கொள்வதுதான் பொருத்தமாக இருக்கிறது. கன்னடத்தில் "ஒள்ளெண்ணெ" என்பதும் இதே கணக்குத்தான்.

மிளகுக்கும் இதே கதி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர்கள் மிளகாயைக் கொண்டுவந்தது 16ஆம் நூற்றாண்டில். மிளகு போலக் காரமாக இருந்த அந்தக் காய்க்கு மிளகு + காய் என்று பெயர் வைத்தோம். மலையாளத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், "முளகு" என்றால் மிளகாய் என்றே ஆகிவிட்டது. பாவம், சொந்த வீட்டுக்காரனான மிளகு "குருமுளகு" என்றும் "நல்லமுளகு" என்றும் முன்னொட்டு மாட்டிக்கொண்டு அலைகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கடையில் "நல்ல மிளகு" என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் "ஏன், கெட்ட மிளகும் விற்கிறீர்களா?" என்று கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்த "நல்ல"வுக்குள் ஒரு கடல் வணிக வரலாறே ஒளிந்திருக்கிறது.

நல்ல பாம்பு விவகாரம் இதைவிடச் சிக்கல். கடித்தால் ஆளைக் கொல்லும் நாகத்துக்கு ஏன் இந்தப் பெயர்? இதற்கும் "அசல்" என்ற விளக்கத்தைச் சொல்லலாம். விஷமில்லாத சாரையோடு ஒப்பிட்டால் நாகம்தான் நிஜமான பாம்பு என்று. ஆனால் பயம்தான் காரணம் என்ற விளக்கமே கூடுதல் வலுவாகத் தெரிகிறது. பயப்படுகிற ஒன்றை நல்ல பெயர் சொல்லிக் கூப்பிடுவது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். கிரேக்கர்கள் பழிவாங்கும் தேவதைகளை "கருணையுள்ளவர்கள்" என்றார்கள். கப்பல்களை விழுங்கிய கருங்கடலுக்கு "விருந்தோம்பும் கடல்" என்று பெயர் வைத்தார்கள், அதற்கு முன்னால் அதன் பெயர் நேர் எதிராக இருந்ததாம். ஆப்பிரிக்காவின் தென்முனையை 1488இல் சுற்றிய பார்த்தலோமியோ டயஸ் அதற்குப் புயல்முனை என்று பெயரிட்டதாகவும், போர்ச்சுகல் மன்னர் அதை மாற்றி நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வருகிற "நன்னம்பிக்கை முனை" ஆக்கியதாகவும் சொல்வார்கள். பெயரை மாற்றியதால் புயல் நின்றுவிடவில்லை. நம் ஊரில் விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பதும், பெரியம்மையை அம்மை என்று தாயாக்கியதும் இந்த வகைதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆந்திராவில் இருக்கிற நல்லமலைக் காடுகளைப் பார்த்து நல்ல மலை என்று நினைத்துவிடாதீர்கள். தெலுங்கில் "நல்ல" என்றால் கறுப்பு!

இனி மரக்காணத்துக்குத் திரும்பலாம், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கும் அந்தக் கரைக்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருட உறவு இருக்கிறது. சங்க காலத்தில் திண்டிவனம், மரக்காணம் வட்டாரம் ஓய்மானாடு எனப்பட்டது. அதை ஆண்டவன் பெயர் நல்லியக்கோடன். அவனைப் பற்றிப் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் பெயரிலும் "நல்", பாடியவர் ஊரிலும் "நல்". புறநானூற்றில் 176ஆவது பாட்டில் இதே நல்லியக்கோடனைப் பாடியவர் புறத்திணை நன்னாகனார். நல் + நாகன்! (நல்ல பாம்புக்கும் இவர் பெயருக்கும் முடிச்சுப் போடுகிற ஆசை வந்தால் அடக்கிக்கொள்வது நல்லது. நாகன் என்பது அந்தக் காலத்தில் சாதாரணமாக வைத்த பெயர்.) இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரோடு மரக்காணத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. நல்லியக்கோடனின் கிடங்கில் இப்போது திண்டிவனம் நகரத்துக்குள் அடங்கிவிட்டது. அவனுடைய துறைமுகமான எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸில், பொதுகே என்ற துறைமுகத்துக்கு அடுத்ததாக வருகிற சோபட்மா இதுதான் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில், பரிசு பெற்று வருகிற ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு "நல்லியக்கோடனிடம் போ" என்று வழி காட்டுகிறான். வழியில் உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டிகளோடு வருகிறார்கள். அவர்கள் வளர்க்கிற குரங்கு, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டி விளையாடுகிறது. முத்து விளையாட்டுப் பொருளாகிற அளவுக்குச் செழிப்பான கரை!

அதே பாட்டில்தான் தமிழ் இலக்கியத்தின் மிகக் கடுமையான வறுமைக் காட்சிகளில் ஒன்றும் வருகிறது. நல்லியக்கோடனைப் பார்ப்பதற்கு முன்பு அந்தப் பாணனின் வீடு எப்படி இருந்தது என்று சொல்கிற இடம். கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் கொடுக்க முடியாத நாய் குரைக்கிறது. அடுப்பு எரியாத சமையலறையில் காளான் பூத்திருக்கிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். போடுவதற்கு உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாரோடு அதைச் சாப்பிடுகிறார்கள். உப்பளக் கரையைப் புகழ வந்த பாட்டில், வறுமைக்கு அடையாளம் உப்பில்லாத கீரை. நத்தத்தனார் இதைத் தெரிந்து செய்தாரா, தற்செயலா என்பது கிடக்கட்டும், படித்தவர்களுக்கு அந்தக் கதவு சாத்துகிற சத்தம் மறக்காது.

இந்த வறுமைக்குத் தமிழில் இன்னொரு பெயர் நல்குரவு. திருக்குறளில் 105ஆவது அதிகாரமே அதுதான். "நல்" என்று தொடங்குவதெல்லாம் நல்லது இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நல்குதல் என்றால் கொடுத்தல், நல்குரவு என்றால் ஒன்றும் இல்லாத நிலை. இரண்டும் ஒரே மாதிரி ஒலியோடு அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நல்லியக்கோடன் வாசலில் நின்ற பாணனுக்கு இரண்டுமே தெரிந்திருக்கும்.

நல்லூர் என்ற ஊர்ப்பெயர் தமிழ் வழங்குகிற இடமெல்லாம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்திலேயே சுந்தரரோடும் சடையப்ப வள்ளலோடும் சேர்த்துப் பேசப்படுகிற திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. யாழ்ப்பாண அரசின் தலைநகரமும் நல்லூர்தான், 1619இல் போர்ச்சுகீசியர் அந்த அரசைக் கைப்பற்றும் வரை. ஓர் ஊரை நல்ல ஊர் என்று சொல்வது எளிது. யாருக்கு நல்ல ஊர் என்பதுதான் அடுத்த கேள்வி, அதைக் கேட்டால் மறுபடியும் தண்ணீரில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாக இருந்தால் மட்டும் போதாது, அதில் வாளியை இறக்குகிற உரிமையும் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர்க் கிணறு ஒருவருக்கு, சேரிக் கிணறு இன்னொருவருக்கு என்று இருந்த காலத்தில், "நல்ல தண்ணீர்" என்பதற்கு உப்பில்லாதது என்பதோடு இன்னொரு பொருளும் ரகசியமாகச் சேர்ந்திருந்தது: வேறு சிலர் தொடாதது. இதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் பேசியவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் என்ற ஊரில் பிறந்தவர், அதாவது மரக்காணம் கரைக்கு ரொம்பத் தூரமில்லை. பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள், சந்தைகள் எல்லாருக்கும் பொது என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறியது என்பதும் கிணற்றில் வாளி இறங்கியது என்பதும் வேறு வேறு விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகாராஷ்டிராவில் மகாட் என்ற ஊரின் குளத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் அருந்தியது 1927 மார்ச் 20 அன்று. அந்தக் குளத்தின் பெயர் சவ்தார் குளம். மராத்தியில் "சவ்தார்" என்பதும் நம் "நல்ல" மாதிரி ஓர் அடைமொழிதான், சுவையான என்று பொருள். அவர்கள் குடித்துவிட்டுப் போனபின் ஆதிக்க சாதியினர் என்ன செய்தார்கள் தெரியுமா? குளத்திலிருந்து 108 குடம் தண்ணீரை இறைத்து, சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் சொல்லி மறுபடியும் குளத்தில் ஊற்றிச் "சுத்தம்" செய்தார்கள். சாணம் கலந்த தண்ணீர் நல்ல தண்ணீர், ஒரு மனிதன் கைபட்டது கெட்ட தண்ணீர்! அந்தக் குளம் எல்லாருக்கும் பொது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் முடிவாகச் சொல்ல 1937 வரை ஆனது. இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுத்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நினைத்துக்கொள்ளலாம்.

வானூர்ப் பக்கத்துத் தண்ணீருக்கு இன்னொரு கதையும் உண்டு, அது பூமிக்கு அடியில். டைனோசர்கள் இருந்த கிரெட்டேசியஸ் காலத்தில் படிந்த ஒரு பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் "வானூர் மணற்கல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற அடுக்கு அது. அதற்கு மேலே கடலூர் மணற்கல். இந்த வட்டார வயலுக்கும் புதுச்சேரியின் குழாய்க்கும் தண்ணீர் கொடுக்கிறவை இவைதான். கரையோரத்தில் நிலத்தடி நீரை மழை நிரப்புவதைவிட வேகமாக மோட்டார் போட்டு இழுத்தால், உள்ளேயிருக்கிற நல்ல தண்ணீர் பின்வாங்கும், கடல் தண்ணீர் அந்த இடத்துக்கு நகரும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் டீ போடும்போது பால் திரியும், பருப்பு வேகாது, துணிக்குச் சோப்பு நுரைக்காது. அந்த வீட்டில் அன்றிலிருந்து அது "நல்ல தண்ணி" இல்லை. உப்பளத்துக்காரர் கடல் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் காயவைத்து உப்பை எடுத்துவிடலாம். கிணற்றுக்குள் வந்த உப்பை வெயில் எடுக்காது.

இந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவில் கிடக்கிறது கழுவெளி ஏரி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரவியிருக்கிற இந்த நீர்நிலையை, 5,151.60 ஹெக்டேர் பரப்பில், 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மேற்கேயிருந்து ஏரிகள் வழிந்து ஓடைகளாக மழைத் தண்ணீர் வருகிறது, வடகிழக்கே கழிமுகம் வழியாகக் கடல் தண்ணீர் நுழைகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் ஏரியின் உப்பெல்லாம் நீர்த்துப் போயிருக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறும், ஓரங்களில் நிலம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பறவைகள் அதற்குத் தகுந்த மாதிரி வருகின்றன, போகின்றன. கழுவெளியில் இருப்பது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.